சொமெலியர் தேர்வின் தியரி பகுதிக்கு ஓர் இணையச் சேவை: மதிப்புரை

உணவகத்தில் ஒயினைப் பரிந்துரைத்துப் பரிமாறும் வல்லுநரான சொமெலியருக்கான தேர்வுகளுக்கென்றே ஒயின் பற்றிய தியரி பாடத்தைத் தொகுத்து, மாதச் சந்தாவுக்கு இணையத்தில் வழங்கும் சேவைகள் இப்போது பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் சேர்ந்து, அதன் பாடங்கள், வரைபடங்கள், வினா வங்கி, வாய்மொழிப் பயிற்சி ஆகிய நான்கையும் முழுமையாகப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். சேவையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பிற சேவைகளின் மாதிரிப் பக்கங்களைப் பார்த்தவரையில் எல்லாமே ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருப்பதால், இங்கே சொல்லப்படும் நிறைகுறைகளை வைத்து எந்தச் சேவையையும் சேருவதற்கு முன் எடைபோட்டுக்கொள்ளலாம்.

எல்லாத் தேர்வுகளுக்கும் ஏற்ற பாடம் என்று இச்சேவை தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முதல் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. மாஸ்டர் சொமெலியர் தேர்வு முதன்முதலில் 1969இல் லண்டனில் நடந்தது. அதை நடத்தும் கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமெலியர்ஸ் என்ற அமைப்பு 1977இல் உருவானது. அதன் நான்கு நிலைகளில் உச்சமான இந்தத் தேர்வில் தியரி, சுவைத்தறிதல், பரிமாறுதல் என மூன்று பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் தனித்தனியே 75 சதவீதம் பெற வேண்டும். மூன்றையும் மூன்று ஆண்டுகளுக்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நிலையில் தியரி முழுக்க வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் கேட்பார், மாணவர் சொல்ல வேண்டும்; பார்த்துத் தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் அங்கே இருக்காது. அதே 1969இல் லண்டனில் தொடங்கப்பட்ட, ஒயின் கல்விச் சான்றிதழ்களை வழங்கும் டபிள்யூ.எஸ்.இ.டி. அமைப்பின் வழி வேறு. அதன் மூன்றாம் நிலையில் 50 கொள்குறி வினாக்களும், அவற்றுடன் எழுத்து விடை கோரும் வினாக்களும் வரும். நான்காம் நிலையான டிப்ளமோவில் காரணங்களை அடுக்கி விரிவாக எழுத வேண்டும். ஆக ஒரே செய்தியைத் தேர்ந்தெடுக்கவும், விளக்கி எழுதவும், வாயால் சொல்லவும் மூன்று வெவ்வேறு பயிற்சிகள் தேவை. இச்சேவை முதலாவதை அளவுக்கு மீறித் தருகிறது, இரண்டாவதை ஏறக்குறையத் தரவே இல்லை, மூன்றாவதை நன்றாகத் தந்துவிட்டு யார் கண்ணிலும் படாத மூலையில் வைத்திருக்கிறது.

இதன் தலைசிறந்த பகுதி வரைபடங்கள்தாம். பிரான்சின் பர்கண்டியில் கிராண்ட் க்ரூ எனப்படும் உச்சத் தரத் தோட்டங்கள் 33 உள்ளன. அவற்றைக் கிராமவாரியாக எழுதி வைத்து மனப்பாடம் செய்வதே பெரும்பாலான மாணவர்களின் வழக்கம். இங்கே பட்டியலுக்கு முன்பே மலைச்சரிவு வந்துவிடுகிறது. மொன்ராஷே பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 8 ஹெக்டேர் பரப்புள்ள மொன்ராஷே தோட்டத்தின் குறுக்கே புலிஞி, ஷசாஞ் ஆகிய இரு கிராமங்களின் எல்லைக்கோடு செல்வதை முதல் படம் காட்டுகிறது. அடுத்த சொடுக்கில் அதற்கு மேலே, மண் மெலிந்து கல் மிகுந்த சரிவில், ஷெவாலியே-மொன்ராஷே தோன்றுகிறது. அது புலிஞிக்கு மட்டுமே உரியது. கீழே, மண் கனத்துச் சரிவு தணியும் இடத்தில், இரு கிராமங்களிலும் பரந்த பத்தார்-மொன்ராஷே. அதன் வடகிழக்கு மூலையில் புலிஞிக்குள் அடங்கிய பியன்வெனு-பத்தார்-மொன்ராஷே. தெற்கு முனையில் ஷசாஞ்சுக்குள் அடங்கிய க்ரியோ-பத்தார்-மொன்ராஷே. ஐந்து பெயர்களையும் சரிவில் வைத்துப் பார்த்தபின், எது எந்தக் கிராமத்தைச் சேர்ந்தது என்ற கேள்விக்குப் பட்டியலைத் தேட வேண்டியதில்லை. ஷெவாலியே மெலிந்த உடலும் கூரிய அமிலமும் கொண்டதாகவும், பத்தார் கனமானதாகவும் சொல்லப்படுவதன் காரணமும் அந்தப் படத்திலேயே கிடைத்துவிடுகிறது. இறுதியில் பெயர்கள் நீக்கப்பட்ட வெற்று வரைபடம் வரும்; பெயர்களை நாமே தட்டச்சு செய்ய வேண்டும், எழுத்துப்பிழை இருந்தால் ஏற்றுக்கொள்ளாது. இந்தக் கண்டிப்பு முதலில் எரிச்சலூட்டும், ஆனால் தேவையானது.

ஒவ்வொரு பெயருக்கும் அருகில் ஒலிப்பதிவு இருப்பதையும் பாராட்ட வேண்டும். வாய்மொழித் தேர்வுக்குப் போகிறவர் ஒரு பெயரைக் கண்ணால் மட்டும் படித்திருந்தால், அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு தடுமாறும். கைப்பேசித் திரையில் மட்டும் இவ்வரைபடங்கள் பயன்படுவதில்லை. உயரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, தோட்டப் பெயர்கள் பூதக்கண்ணாடி கேட்கின்றன.

வினா வங்கிக்கு வரும்போது இதே நிறுவனம்தானா என்ற ஐயம் எழுகிறது. ஆயிரக்கணக்கான வினாக்கள் இருப்பதாக முகப்பில் பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். இருக்கின்றன, ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்கும் வகை. ஒரு வினாவைக் காட்டுகிறேன். இத்தாலியின் பியெட்மாண்ட் பகுதியைச் சேர்ந்த பரோலோ ஒயின் குறைந்தபட்சம் எத்தனை மாதம் முதிர வேண்டும் என்று கேட்டு, 26, 38, 50, 62 என்று நான்கு எண்களைத் தருகிறார்கள். 38 என்பதைச் சொடுக்கினால் பச்சை விளக்கு எரிந்து, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்ற ஒரு வரி விளக்கத்தோடு அடுத்த வினா வந்துவிடுகிறது. மற்ற மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 26 என்பது அதே பகுதியின் பார்பரெஸ்கோவுக்கும், 50 என்பது கூடுதல் காலம் முதிரும் வகையான பார்பரெஸ்கோ ரிசெர்வாவுக்கும், 62 என்பது பரோலோ ரிசெர்வாவுக்கும் உரிய எண்கள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும்: ஒவ்வொன்றும் முழு ஆண்டுகளோடு இரண்டு மாதம் கூடியது. முதிர்வுக் காலத்தை அறுவடை ஆண்டின் நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள். அந்த இரண்டு மாதங்கள் அவ்வாண்டின் நவம்பரும் டிசம்பரும்தாம். ஆகவே 2018இல் அறுவடையான பார்பரெஸ்கோ 2021 ஜனவரியிலும், பரோலோ 2022 ஜனவரியிலும், பார்பரெஸ்கோ ரிசெர்வா 2023இலும், பரோலோ ரிசெர்வா 2024இலும் விற்பனைக்குத் தகுதி பெறுகின்றன. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் என்று நினைவில் வைத்தால் போதும். நான்கு எண்களும் தாமாக வந்துவிடும். உணவக மேசையிலும் இந்தக் கணக்குதான் உதவும். விருந்தினர் ஒருவர் குறிப்பிட்ட ஆண்டின் பரோலோவைக் கேட்டால், அது சந்தைக்கு வந்திருக்குமா என்பதைச் சொமெலியர் அந்த நொடியே சொல்ல வேண்டும்.

இந்த விளக்கத்தைப் பாடப் பகுதியிலும் தேடினேன். அங்கேயும் எண்கள் மட்டும் அட்டவணையில் நிற்கின்றன. விடையைக் கண்டால் அடையாளம் தெரிவது ஒன்று, யாரும் காட்டாமல் அதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறொன்று. வினா வங்கியில் தொடர்ந்து பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தமக்கு எல்லாம் தெரியும் என்ற மயக்கத்தோடு தேர்வு அறைக்குள் போவார். சேவையின் முன்னேற்ற அளவுகோலும் இந்த மயக்கத்துக்குத் துணைபோகிறது. எத்தனை வினாவைச் சரியாகச் சொடுக்கினோம் என்பதை மட்டுமே அது அளக்கிறது.

இடைவெளி விட்டு மீண்டும் கேட்கும் முறையைத் தாங்கள் பின்பற்றுவதாகவும் சொல்கிறார்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியின் வேகத்தை அளந்து 1885இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை அது, பயனுள்ளதுதான். ஆனால் எந்த வினா எப்போது திரும்ப வர வேண்டும் என்பதை இங்கே சரியான சொடுக்கு தீர்மானிக்கிறது. ஊகித்துச் சொடுக்கியவருக்கும் உண்மையில் தெரிந்தவருக்கும் ஒரே இடைவெளிதான். நான் இப்போது வினாக்களின் விடைகளைத் தாளால் மறைத்துக்கொண்டு, வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகே திரையைப் பார்க்கிறேன். சந்தா வாங்குகிற சேவை இதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கலாம்.

புதுப்பித்தல் இன்னொரு பெரிய குறை. ஒயின் சட்டங்கள் அசையாதவை என்று நினைப்பவர்களுக்கு பிரான்சின் போர்டோ பகுதிக்கான 1855ஆம் ஆண்டின் தரவரிசை ஒரு காரணம். அதில் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற ஷாத்தோ (ஒயின் தோட்ட நிறுவனம்) 1973இல் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டதுதான் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டிய மாற்றம். அதே போர்டோவின் வலக்கரையில் உள்ள செந்த்-எமிலியோன் தரவரிசை அப்படியன்று; அது 1955இல் தொடங்கி அவ்வப்போது திருத்தப்படுவது. 2012இல் அதன் உச்சத் தரமான 'ஏ' பிரிவில் ஓசோன், ஷெவல் பிளாங், ஆஞ்செலூ, பாவி என நான்கு ஷாத்தோக்கள் இருந்தன. அடுத்த திருத்தத்துக்கு முன்பே முதல் மூன்றும் விலகிக்கொண்டன. 2022இல் பாவியும் புதிதாக உயர்ந்த ஃபிஜாக்கும் மட்டுமே அந்தப் பிரிவில் இடம்பெற்றன. சேவையின் பாடப் பக்கத்தில் இது சரியாகத் திருத்தப்பட்டிருக்கிறது. வினா வங்கியிலோ பழைய நான்கு பெயர்களையே விடையாக எதிர்பார்க்கும் வினா இன்னும் உயிரோடு இருக்கிறது. சரியான பதிலைச் சொல்பவருக்குச் சிவப்பு விளக்கு எரிகிறது. பிழையைச் சுட்டி எழுதினேன். நன்றி தெரிவித்துத் தானியங்கிக் கடிதம் வந்தது, வினா மாறவில்லை. ஹங்கேரியின் டோக்காய் பாடத்திலும் இதே கதை. 2013இல் வந்த விதிகளுக்குப் பிறகு அசூ என்ற இனிப்பு ஒயினில் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் எஞ்சிய சர்க்கரை இருக்க வேண்டும் என்பதைப் பாடம் சொல்ல, வினா வங்கியில் பழைய மூன்று, நான்கு புத்தோன்யோஷ் (இனிப்பின் படிநிலை) வகைகள் நடப்பில் உள்ளவை போலக் கேட்கப்படுகின்றன. பாடத்தைத் திருத்துபவரும் வினாவைத் திருத்துபவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை போலும்.

ஜெர்மனி பாடம் குழப்பமாக இருக்கிறது. அங்கே மாணவர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. ஒன்று அரசுச் சட்டம்: 1971ஆம் ஆண்டின் சட்டத்தில் வடிவம் பெற்ற காபினெட், ஷ்பெட்லேஸ, அவுஸ்லேஸ முதலான பிரெடிகாட் எனும் தர வகைகள், அறுவடையின்போது திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையின் அளவைக் கொண்டு தீர்மானிக்கப்படுபவை, கோப்பையில் வரும் இனிப்பை அவை அறுதியிட்டுச் சொல்வதில்லை. சர்க்கரை முழுவதும் நொதித்துவிட்டால் ஷ்பெட்லேஸ இனிப்பே இல்லாமலும் இருக்கலாம். மற்றொன்று வி.டி.பி. என்ற தனியார் உற்பத்தியாளர் சங்கத்தின் தரவரிசை: கூட்ஸ்வைன், ஓர்ட்ஸ்வைன், எர்ஸ்ட லாக, குரோச லாக என்று நிலத்தின் தகுதியைப் படிப்படியாக உயர்த்திச் செல்வது, உச்சத் தோட்டத்தின் இனிப்பற்ற ஒயினுக்குக் குரோசஸ் கெவெக்ஸ் என்று பெயர். இச்சேவை இரண்டையும் ஒரே அட்டவணையின் இரு நெடுவரிசைகளாக வைத்து, ஒவ்வொரு வரியையும் எதிரெதிராகப் பொருத்திவிட்டது. பார்ப்பவருக்குக் காபினெட்டும் கூட்ஸ்வைனும் ஒன்றுக்கொன்று இணை என்று தோன்றும். இத்தகைய இணை எதுவும் கிடையாது. தோட்டத்தின் தோற்றுவாயை அடிப்படையாகக் கொண்ட 2021ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பாடத்தை இங்கே படிக்காமல் வேறெங்காவது படிப்பதே நல்லது.

சாராயம் சேர்த்துச் செறிவூட்டிய ஒயின்களைப் பற்றிய பகுதியோ நேர்மாறு. முழுப் பாடத்தையும் இப்படியே எழுதியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தை அது உண்டாக்குகிறது. போர்ட் ஒயினில் நொதித்தல் பாதியில் இருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே சர்க்கரை தங்கிவிடுகிறது. ஷெர்ரியில் நொதித்தல் முடிந்த பிறகே சாராயம் சேர்க்கிறார்கள்; ஆகவே அடிப்படையில் அது இனிப்பற்றது. ஃபினோ என்ற ஷெர்ரி வகையின் ஆல்கஹாலை ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு உயர்த்தினால் பீப்பாயின் மேற்பரப்பில் ஃப்ளோர் என்ற ஈஸ்ட் படலம் உயிர் வாழ்ந்து காற்றுப் படாமல் காக்கும். ஒலோரோசோ என்ற மற்றொரு வகையில் 17 சதவீதத்துக்கு உயர்த்தினால் அந்தப் படலம் பிழைக்காது, ஒயின் காற்றோடு கலந்து பழுப்பேறும். ஒரே திராட்சையான பாலோமினோவிலிருந்து வெளிறிய ஒயினும் கருத்த ஒயினும் வரும் காரணம் இரண்டு சதவீத வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது. இதைப் படித்த மாணவர் கொள்குறி வினாவுக்கும், டிப்ளமோ கட்டுரைக்கும், வாய்மொழிக் கேள்விக்கும் ஒரே அறிவிலிருந்து பதில் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதியை எழுதிய ஆசிரியர் சுவைத்தறிதல் பாடத்தையும் அறிந்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது.

ஐரோப்பாவுக்கு வெளியே ஒயின் தயாரிக்கும் புதிய உலக நாடுகளுக்கு இவ்வளவு இடம் இல்லை. அமெரிக்க லேபிள் விதிகள் சரியாக உள்ளன: திராட்சை ரகத்தின் பெயரைப் போட 75 சதவீதம், ஏ.வி.ஏ. எனப்படும் புவிசார் பகுதியின் பெயரைப் போட 85, அப்பகுதியின் ஒயினில் அறுவடை ஆண்டைப் போட 95. தென்னாப்பிரிக்காவும் சிலியும் விரைவாக முடிந்துவிடுகின்றன. பியர், சாராய வகைகள், ஜப்பானிய அரிசி மதுவான சாக்கே ஆகியவையும் கோர்ட் தேர்வின் தியரியில் கேட்கப்படுபவை என்பதை மறந்தவர்கள் போல அவற்றுக்குச் சில பக்கங்களே தந்திருக்கிறார்கள்.

தியரியையும் பரிமாறுதலையும் இணைக்கும் முயற்சி சில இடங்களில் மட்டும் தென்படுகிறது. ஷாம்பெயின் பாடத்தின் முடிவில் ஒரு சிறு உரையாடல் வருகிறது. இனிப்பே வேண்டாம் என்று சொல்லும் விருந்தினர் ஒருவர், லேபிளில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று பார்த்துவிட்டு அதையே கேட்கிறார். ப்ரூட் வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரையும், எக்ஸ்ட்ரா ட்ரை வகையில் 12 முதல் 17 கிராம் வரையும் இருக்கும் என்பதால், அவர் கேட்பது ப்ரூட்டைவிட இனிப்பானது. அவரைத் திருத்துவதுபோல் பேசாமல், அவருக்கு வேண்டிய, இனிப்பு இன்னும் குறைந்த எக்ஸ்ட்ரா ப்ரூட்டையோ ப்ரூட் நேச்சரையோ எப்படிப் பரிந்துரைப்பது என்று அந்த உரையாடல் காட்டுகிறது. பாடம் ஒவ்வொன்றின் முடிவிலும் இப்படி ஒன்று இருந்திருந்தால் சந்தாவுக்கு நான் தயங்கியிருக்கவே மாட்டேன்.

மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று மேலே சொன்ன வாய்மொழிப் பயிற்சியை 'கூடுதல் வளங்கள்' என்ற தலைப்பின் கீழே, பதிவிறக்கப் பக்கத்துக்கும் அடியில் கண்டெடுக்க வேண்டும். ஒரு குரல் கேள்வி கேட்கிறது, சில நொடி அமைதி, பிறகு விடை. அவ்வளவுதான், ஆனால் அந்த அமைதியில்தான் உண்மை வெளிப்படுகிறது. பிரான்சின் போஜலே பகுதியின் பத்து க்ரூக்களையும் (தனிப்பெயர் பெற்ற ஒயின் பகுதிகளையும்) வடக்கிலிருந்து தெற்காகச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, வினா வங்கியில் அப்பகுதியை முழு மதிப்பெண்ணோடு முடித்திருந்த நான் செந்த்-அமூர், ஜூலியெனா, ஷெனா, மூலான்-ஆ-வான் வரை ஓடிவிட்டு ஃப்ளூரியில் நின்றுவிட்டேன். கேள்விகள் பகுதிவாரியாக அன்றி நாடு விட்டு நாடு தாவி வருவதும் தேர்வின் போக்குக்கு ஒத்தது. மதிப்பிட யாரும் இல்லாதது குறைதான்; இருவர் சேர்ந்து படித்தால், ஒருவர் கேட்டு மற்றவர் சொல்லும் முறையில் அந்தக் குறை தீரும்.

முதல் நிலைத் தேர்வுக்குத் தயாராகிறவருக்கு இச்சேவை தேவையில்லை. தேர்வு அமைப்பே தரும் பாடநூல் போதும். டபிள்யூ.எஸ்.இ.டி. மூன்றாம், நான்காம் நிலைகளுக்குப் படிப்பவர், எழுதிய விடையைத் திருத்தித் தரும் ஆசிரியருக்கு இந்தப் பணத்தைச் செலவிடலாம். கோர்ட் தேர்வுகளின் மேல்நிலைகளுக்குப் படிப்பவர் மட்டும் வரைபடங்களுக்காகவும் வாய்மொழிப் பதிவுகளுக்காகவும் குறுகிய காலச் சந்தா வாங்கி, பர்கண்டி, பியெட்மாண்ட், செறிவூட்டிய ஒயின்கள் ஆகியவற்றை முதலில் முடித்துக்கொண்டு நிறுத்திவிடலாம். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி காட்டி இழுப்பார்கள், வாங்க வேண்டாம். இலவச மாதிரிக் காலத்தில் வினா வங்கியைத் திறந்து, செந்த்-எமிலியோன் 'ஏ' பிரிவைப் பற்றிய வினாவைத் தேடிப் பாருங்கள். அங்கே இரண்டு பெயர்களுக்குப் பதிலாக நான்கு இருந்தால், மற்ற வினாக்களின் விடைகளையும் பாடப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மனப்பாடம் செய்யுங்கள்.